குதிரைப் பந்தயம்: திறமையா, தற்செயலா? – கிண்டித் திடலும் 1996 தீர்ப்பும்

ஒரு பந்தயத்தில் ஓடவிருக்கும் குதிரைகளில் எது வெல்லும் என்று முன்கூட்டியே கணிப்பது அறிவின் வேலையா, தற்செயலின் விளையாட்டா என்ற கேள்வி தமிழ்நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றங்களில் பேசப்பட்டது. 1974-இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1996-இல் இந்திய உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, அது சூதாட்டம் அன்று என்று தீர்ப்பளித்தது. டாக்டர் கே. ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் அவ்வழக்கின் தாக்கம் குதிரைகளோடு நிற்கவில்லை. கைப்பேசியில் ஆடப்படும் ரம்மி வரை அது நீண்டது.

இக்கட்டுரை, பந்தயக் குதிரைகளை மதிப்பிடும் முறை, அம்முறை வளர்ந்த வரலாறு, கிண்டித் திடலின் வழக்கு வரலாறு ஆகிய மூன்றையும் இணைத்துப் பார்க்கிறது.

தாமிரபரணிக் கரையும் குதிரை வாணிகமும்

தமிழகத்தில் நல்ல குதிரைகள் இயல்பாகப் பெருகியதில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலம், உயர்ந்த புல்வெளிகளின் குறைவு ஆகியவை அதற்குக் காரணங்கள். எனவே சங்க காலம் தொட்டே குதிரை கடல்வழி வந்த பொருளாக இருந்தது.

பாபநாசத்தில் மலையிலிருந்து இறங்கி, விக்கிரமசிங்கபுரத்தைத் தொட்டுக்கொண்டு சமவெளியில் ஓடும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. அக்கழிமுகத்துக்கு அருகில் உள்ள பழையகாயல், பாண்டியர்களின் பெருந்துறைமுகமாக விளங்கியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த வெனிசு நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, ஓர்மசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் காயலில் தங்குவதைப் பதிவு செய்துள்ளார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்பட்டன என்றும், அவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்துபோயின என்றும் அவர் கூறுகிறார். குதிரைக்கு ஏற்ற தீவனம் அளிக்கவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர்கள் இல்லாததே காரணம் என்பது அவர் கருத்து.

பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் இன்னொரு செய்தி தருகிறார். ஒரு குதிரையின் விலை 220 தினார். கப்பலில் வரும் வழியில் இறந்துபோன குதிரைக்கும் பாண்டிய அரசின் கருவூலம் பணம் கொடுத்தது. அதாவது, இழப்பு முழுவதும் வாங்குபவர் தலையில் விழுந்தது. குதிரையை அறியாதவன் குதிரையில் பணம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஆற்றின் கரையிலேயே கிடைக்கும் பழைய சான்று இது. பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயில் பணிக்குச் செலவிட்டதாகவும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கி அனுப்பியதாகவும் வழங்கும் திருவிளையாடல் கதையும், குதிரை வாங்குவது அரசின் பெருஞ்செலவாக இருந்த காலத்தின் நினைவைச் சுமந்து நிற்கிறது.

அயர்லாந்தின் வேலிதாண்டும் ஓட்டம்

போருக்கும் ஊர்வலத்துக்கும் வாங்கப்பட்ட குதிரை, முறைப்படுத்தப்பட்ட பந்தயத்துக்கு உரியதாக மாறியது ஐரோப்பியர் வழியாகத்தான். அவ்வரலாற்றில் அயர்லாந்துக்குத் தனியிடம் உண்டு.

1752-இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், எட்மண்ட் பிளேக், கார்னீலியசு ஓ'காலகன் என்னும் இருவர் தங்கள் குதிரைகளில் எது சிறந்தது என்று போட்டியிட்டனர். பட்டவன்ட் ஊர்த் தேவாலயத்திலிருந்து டோனரைல் ஊர்த் தேவாலயம் வரை, ஏறத்தாழ நான்கு மைல், வழியில் எதிர்ப்படும் வேலி, கல்சுவர், பள்ளம் எல்லாவற்றையும் தாண்டி ஓடுவது என்பது ஏற்பாடு. தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தேவாலயக் கோபுரமே திசைகாட்டி. அதனால் இவ்வகைப் பந்தயத்துக்கு ஆங்கிலத்தில் 'கோபுரத்தைத் துரத்துதல்' என்னும் பொருள்படும் 'ஸ்டீப்பிள்சேஸ்' என்ற பெயர் நிலைத்தது. தமிழில் வேலிதாண்டும் ஓட்டம் எனலாம்.

இவ்வகையில் அயர்லாந்தின் புகழ்பெற்ற பந்தயம் ஐரிஷ் கிராண்ட் நேஷனல் ஆகும். 1870-இல் தொடங்கிய இது, மீத் மாவட்டத்தின் ஃபேரிஹவுஸ் திடலில் ஈஸ்டர் திங்களன்று நடைபெறுகிறது. தொலைவு 3 மைல் 5 பர்லாங், அதாவது சுமார் 5.8 கிலோமீட்டர். இருபதுக்கு மேற்பட்ட தடைகளைத் தாண்ட வேண்டும். முப்பது குதிரைகள் வரை ஓடும். எந்தக் குதிரை விழும், எது விழுந்த குதிரையால் இடறும் என்பதைச் சொல்ல முடியாது. திறமையா, தற்செயலா என்ற கேள்வி கூர்மையாக எழும் களம் இது.

கிண்டித் திடல்

சென்னையில் குதிரைப் பந்தயம் 1777-இல் கிண்டியில் தொடங்கியது. மெட்ராஸ் ரேஸ் கிளப் என்னும் அமைப்பு 1896-இல் உருவானது. கிண்டியிலும் உதகமண்டலத்திலும் பந்தயம் நடத்தியது இந்த மன்றமே. கிண்டியில் குளிர்காலப் பருவம், உதகையில் கோடைப் பருவம் என்பது வழக்கமாக இருந்தது.

மன்றத்தின் நோக்கங்களுள் வேலிதாண்டும் ஓட்டமும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் கிண்டியில் நிலைபெற்றது தடைகளற்ற சமதள ஓட்டமே. ஒரு மைல் சுற்றளவிலான ஓட்டங்களில் குதிரை விழுவது அரிது. ஆகவே வேகம், தாங்குதிறன், ஜாக்கியின் கைத்திறன் ஆகியவை முடிவில் பெரும்பங்கு வகிக்கின்றன. பின்னாளில் வழக்கு நடந்தபோது இந்த இயல்பு முக்கியமானது.

போட்டியாளர்களை மதிப்பிடும் முறை

பந்தயத்தை நெருங்கி அறிந்தவர்கள் குதிரைகளை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதைத் தமிழ்த் தருக்க மரபின் சொற்களைக் கொண்டே விளக்கலாம். விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த 18-ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் சிவஞான முனிவர், தருக்க சங்கிரகம் என்னும் வடமொழி நூலைத் தமிழாக்கியவர். அறிவு பெறும் வழிகளை நம் மரபு அளவைகள் என்கிறது. அவற்றுள் முதன்மையானவை காட்சி, கருதல், உரை என மூன்று. பந்தயக் கணிப்பிலும் இம்மூன்றும் உண்டு.

காட்சி என்பது கண்ணால் காண்பது. ஓட்டத்துக்கு முன் குதிரைகள் பார்வையாளர் எதிரில் வட்டமாக நடத்திக் காட்டப்படும். தோல் பளபளப்பாக உள்ளதா, பின்தொடைத் தசை திரண்டுள்ளதா, நடை சீராக உள்ளதா, ஓட்டத்துக்கு முன்பே வியர்த்து அலைபாய்கிறதா என்று பார்ப்பார்கள். மாட்டுச் சந்தையில் பல்லையும் சுழியையும் நடையையும் பார்த்து விலை பேசும் நம் ஊர்ப் பெரியவர்களின் பார்வைக்கு இது நெருக்கமானது.

கருதல் என்பது தெரிந்ததைக் கொண்டு தெரியாததை ஊகித்தல். புகையைக் கண்டு நெருப்பு உண்டு என அறிவது போன்றது. இதற்கு உதவுவது 'ரேஸ் புத்தகம்'. அதில் ஒவ்வொரு குதிரையின் வயது, தாய் தந்தை, முந்தைய ஓட்டங்களில் பெற்ற இடம், ஓடிய தொலைவு, சுமந்த எடை, ஜாக்கி, பயிற்றுநர் ஆகிய விவரங்கள் இருக்கும். அவற்றைக் கொண்டு கேட்கப்படும் முதன்மையான கேள்விகள் இவை:

தொலைவு: 1,200 மீட்டரில் வென்ற குதிரை 2,000 மீட்டர் தாங்குமா? அதன் தந்தையின் வழி வந்த குதிரைகள் நெடுந்தொலைவில் எப்படி ஓடின?

தரை: ஈரமான தரையில் கால் புதையும். இலேசான நடையுள்ள குதிரை அங்கு திணறும். காய்ந்த தரையில் அதே குதிரை பறக்கும்.

தோல்வியின் காரணம்: சென்ற முறை ஏழாவதாக வந்த குதிரை உண்மையிலேயே மெதுவானதா, அல்லது வழி அடைபட்டு நின்றதா? வென்ற குதிரைக்கும் இதற்கும் இடையே எத்தனை 'நீளம்' இருந்தது? ஐந்து நீளம் என்பது ஏறத்தாழ ஒரு நொடி. எனவே ஏழாவது இடம் என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது.

ஓய்வு: நெடுநாள் ஓடாமல் வரும் குதிரை முழுத் தகுதியோடு வருகிறதா, பயிற்சிக்காக ஓட்டப்படுகிறதா?

ஜாக்கி: சம வேகமுள்ள இரு குதிரைகளில், எப்போது பொறுத்திருப்பது, எப்போது விரட்டுவது என்று அறிந்தவரின் குதிரையே முந்தும்.

மூன்றாவது அளவையான உரை, அறிந்தவர் சொல்லைக் கேட்டு அறிவது. தருக்க மரபு இதற்கு ஒரு நிபந்தனை வைக்கிறது: சொல்பவர் உண்மை அறிந்தவராகவும் பொய் சொல்லாதவராகவும் இருக்க வேண்டும். பந்தயத் திடலில் 'டிப்ஸ்' என்ற பெயரில் காதோடு காதாக வருவனவற்றுள் இந்த நிபந்தனையில் தேறுபவை மிகக் குறைவு. உள்விவரம் உண்மையாகவே தெரிந்தவர், அதைப் பலரிடம் சொல்லித் தமக்கு வரும் தொகையைக் குறைத்துக்கொள்ள மாட்டார். காரணம் பணயக் கணக்கில் இருக்கிறது. அது கீழே விளக்கப்படுகிறது.

எடைச் சமன்: வல்லானுக்குச் சுமை

இத்தனை ஆராய்ச்சிக்கும் எதிராக நிற்பது 'ஹேண்டிகேப்' எனப்படும் எடைச் சமன் முறை. பந்தய அலுவலர் ஒருவர் ஒவ்வொரு குதிரைக்கும் அதன் முந்தைய ஓட்டங்களைக் கொண்டு தரப்புள்ளி வழங்குவார். புள்ளி கூடக்கூடச் சுமக்க வேண்டிய எடையும் கூடும். ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ என்பது கணக்கு. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடைக்குக் குறைந்தால் சேணத்தில் ஈயத் தகடுகள் செருகப்படும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறியாக வேண்டும். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் எல்லைக் கோட்டைத் தொட வேண்டும் என்பதே எடை வகுப்பவரின் கனவு.

நம் தென்மாவட்ட மாட்டு வண்டிப் பந்தயங்களிலும் சமன்படுத்தும் வழி உண்டு. ஆனால் அது வேறு வகையானது. பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று காளைகளின் உயரத்தையும் வயதையும் கொண்டு பிரித்து, ஒத்த காளைகளைத் தனித்தனியாக ஓட விடுகிறார்கள். வலுவான காளைக்குச் சுமை ஏற்றுவதில்லை. தன் பிரிவில் சிறந்த காளை சிறந்ததாகவே ஓடி வெல்கிறது. குதிரைப் பந்தயத்தில், சிறந்த குதிரையைக் கீழிறக்கிப் போட்டியைக் கடினமாக்குகிறார்கள்.

எடைச் சமனின் வலிமையையும் வரம்பையும் காட்டும் சான்று, அயர்லாந்தின் ஆர்க்கிள் என்னும் குதிரை. 1964-இல் ஐரிஷ் கிராண்ட் நேஷனலில் 12 ஸ்டோன், அதாவது சுமார் 76 கிலோ சுமந்து அது வென்றது. மற்றக் குதிரைகள் மிகக் குறைந்த எடையையே சுமந்தன. ஒரே குதிரை இவ்வளவு உயர்ந்து நின்றதால், மற்ற எல்லாக் குதிரைகளும் கடைசி எடையில் ஒரே கூட்டமாகத் தேங்கின. அதனால் ஆர்க்கிள் ஓடினால் ஓர் எடைப் பட்டியல், ஓடாவிட்டால் வேறோர் எடைப் பட்டியல் என இரண்டு வகுக்க அயர்லாந்துப் பந்தய அலுவலர்கள் விதியை மாற்றினர்.

இதற்கு நேர்மாறான சான்று 2021-ஆம் ஆண்டின் அதே பந்தயம். ஃப்ரீவீலின் டிலன் என்னும் குதிரைக்கு 150-க்கு 1 என்று விலை கூறப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு 150 ரூபாய் தருகிறோம் என்று புக்கிகள் அறிவிக்கும் அளவுக்கு அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அக்குதிரை வென்றது. அப்பந்தய வரலாற்றில் அவ்வளவு உயர்ந்த விலையில் வென்ற குதிரை வேறில்லை. ஆயிரக்கணக்கானோரின் கணிப்பு ஒரே நேரத்தில் பொய்த்தது. இது தற்செயலின் வெற்றி என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதன் பயிற்றுநர் டெர்மட் மெக்லாக்லின், அடுத்த ஆண்டான 2022-இலும் லார்ட் லாரியட் என்னும் வேறொரு குதிரையை அதே பந்தயத்தில் வெல்ல வைத்தார். அதற்கும் 40-க்கு 1 என்ற எதிர்பாராத விலைதான். பார்வையாளருக்குத் தற்செயலாகத் தெரிந்ததில், பயிற்றுநரின் திறமை மறைந்திருந்தது எனலாம். திறமை இருக்கிறது. ஆனால் அது யாரிடம் இருக்கிறது என்பதே பார்க்க வேண்டியது.

பணயக் கணக்கு

குதிரையை அறிவது ஒன்று. குதிரை மீது பணம் வைத்து மீள்வது வேறொன்று. இவ்வேறுபாடு பலருக்குப் புலப்படுவதில்லை.

'டோட்' எனப்படும் பொதுத் திரட்டு முறையை எடுத்துக்கொள்வோம். ஓர் ஓட்டத்தில் 100 பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள் எனக் கொள்வோம். திரட்டு 10,000 ரூபாய். இதில் மன்றத்தின் பங்கும் வரியுமாக 25 விழுக்காடு கழிக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், பகிர்வதற்கு எஞ்சுவது 7,500 ரூபாய். எல்லாரும் விரும்பும் குதிரை மீது 40 பேர் பணம் வைத்திருக்க, அது வென்றால் ஆளுக்கு 187 ரூபாய் 50 காசு. யாரும் எதிர்பாராத குதிரை மீது 5 பேர் வைத்திருக்க, அது வென்றால் ஆளுக்கு 1,500 ரூபாய்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. ஒன்று, ஆட்டம் குதிரைகளுக்கு எதிரானது அன்று; பணம் வைத்த மற்ற மனிதர்களுக்கு எதிரானது. எல்லாரும் அறிந்த ஒன்றை நீங்களும் அறிவதால் பயனில்லை. ஊர் முழுக்க ஒரே டிப்ஸைக் கேட்டால், அந்தக் குதிரை வென்றாலும் பங்கு சுருங்கிவிடும். உண்மை அறிந்தவர் அதை வெளியே சொல்லாததற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது, பாதிக்குப் பாதி சரியாகக் கணிப்பவரும் இழப்பார். மேற்கண்ட கணக்கில் விருப்பக் குதிரை மீது பத்து முறை 100 ரூபாய் வைப்பவர் ஐந்து முறை வென்றால் கிடைப்பது 937 ரூபாய் 50 காசு. போட்டது 1,000. ஆறு முறை வென்றால்தான் கையில் ஏதேனும் மிஞ்சும். ஆனால் பல நாடுகளின் பொதுவான அனுபவம், விருப்பக் குதிரைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓட்டங்களிலேயே வெல்கின்றன என்பது. இந்தியாவில் 2023 அக்டோபர் முதல் வைக்கும் தொகை முழுவதன் மீதும் 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் அது 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. கணக்கு இன்னும் கடினமாயிற்று.

1974 முதல் 1996 வரை

பழைய சட்டங்கள் இரண்டு இங்குத் தெரிந்துகொள்ளத் தக்கவை. ஒன்று 1888-ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம். மற்றொன்று 1930-ஆம் ஆண்டின் சென்னை சூதாட்டச் சட்டம். இரண்டும் சூதாட்டத்தைத் தண்டித்தன. ஆனால் திறமையை மட்டும் சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தன.

1974-இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, குதிரைப் பந்தயத்தையும் அதன் மீதான பணயத்தையும் ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. கூலி வாங்கும் நாளிலேயே அதைத் திடலில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவோரின் குடும்பங்களைக் காப்பதே அதன் பின்னிருந்த சமூகக் கவலை. அக்கவலை உண்மையானது. ஆனால் அதே காலத்தில், 1968-இல் தொடங்கப்பட்ட அரசுப் பரிசுச் சீட்டு தமிழகமெங்கும் விற்றுக்கொண்டிருந்தது. பரிசுச் சீட்டில் திறமைக்கு இம்மியும் இடமில்லை. அது 2003-இல்தான் தடை செய்யப்பட்டது. அரசு எதைச் சூது என்று கருதியது என்பதில் இருந்த இந்த முரண்பாட்டை வரலாறு படிப்பவர் கவனிக்க வேண்டும்.

சட்டத்தை எதிர்த்து மன்றம் வழக்குத் தொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நடுவில் பந்தயங்கள் தொடர்ந்தன. 1986-இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் அடுத்த திருப்பம் ஏற்பட்டது. நிர்வாகச் சீர்கேடுகளைக் காரணம் காட்டி, மன்றத்தையே அரசு கையகப்படுத்தும் சட்டம் வந்தது. மன்றத்தின் பங்குதாரரான லட்சுமணன் அதை எதிர்த்து வழக்காடினார்.

1996 சனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். தீர்ப்பின் சாரம் வருமாறு:

முதலாவது, வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்திருந்தால், சிறிது தற்செயல் கலந்திருந்தாலும் அது திறமை ஆட்டமே. இந்த அளவுகோல் 1957-இல் பரிசுப் போட்டிகள் பற்றிய சமர்பாக்வாலா வழக்கிலும், 1967-இல் ரம்மி பற்றிய சத்யநாராயணா வழக்கிலும் முன்பே வகுக்கப்பட்டது.

இரண்டாவது, குதிரையின் பிறப்பு வழி, பயிற்சியால் பெறும் வேகமும் தாங்குதிறனும், ஜாக்கியின் தேர்ச்சி ஆகியவை ஓட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கின்றன. குதிரைகளின் விவரங்கள் முன்கூட்டியே வெளியிடப்படுவதால் பணம் வைப்பவரும் ஆராய்ந்து முடிவெடுக்க இயலும். ஆகவே திடலில் நடக்கும் பணயத்துக்கு மேற்சொன்ன காவல், சூதாட்டச் சட்டங்கள் பொருந்தா.

மூன்றாவது, 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சமத்துவ உரிமைக்கு எதிரானது, எனவே செல்லாது. பந்தயம் தீமை என்று 1974-இல் ஒழிக்கச் சட்டம் செய்த அரசே, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பந்தய மன்றத்தைத் தானே ஏற்று நடத்த முனைந்ததைப் புரிந்துகொள்ள இயலவில்லை என்பதையும் நீதிமன்றம் சுட்டியது.

தீர்ப்பை எப்படிப் புரிந்துகொள்வது?

தீர்ப்பின் தருக்கம் உறுதியானது. பகடையை உருட்டுவதும் பத்துக் குதிரைகளின் ஓட்டப் பதிவுகளைப் படிப்பதும் ஒன்றல்ல. ஆயினும் இரண்டு இடங்களில் மாணவர்கள் நின்று சிந்திக்கலாம்.

முதலில், தீர்ப்பு எடுத்துக்காட்டும் திறமைகளுள் பெரும்பாலானவை குதிரை, பயிற்றுநர், ஜாக்கி ஆகியோருக்கு உரியவை. திடலின் ஓரத்தில் சீட்டு வாங்கி நிற்பவருக்கு உரியவை அல்ல. கிரிக்கெட் ஆடுவது திறமை. அதனால் கிரிக்கெட் முடிவின் மீது பணம் வைப்பதும் திறமை என்று சொல்லலாமா? பணம் வைப்பவரும் ஆராய்கிறார் என்பது உண்மை. ஆனால் ஆராயாமல் குதிரையின் பெயர் பிடித்திருக்கிறது என்று வைப்பவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்.

அடுத்து, எடைச் சமன் முறையின் நோக்கமே முடிவைக் கணிக்க முடியாதபடி செய்வதுதான். எடை வகுப்பவர் தம் வேலையைத் திறம்படச் செய்தால், எஞ்சி நிற்பவை தரை, நாள், கணநேரத் தயக்கம் போன்ற நுண்ணிய வேறுபாடுகளே. அவற்றைக் காண்பதற்கும் திறமை உண்டு. அத்திறமை உள்ளவர்கள் மிகச் சிலர்.

தீர்ப்பின் நீட்சி

1996 தீர்ப்பு வகுத்த வழியிலேயே பின்னாளில் இணையவழி விளையாட்டு நிறுவனங்கள் நடந்தன. தமிழ்நாடு அரசு இணையவழி ரம்மி முதலியவற்றைத் தடுக்க 2021-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் செல்லாது என்றது. ரம்மியில் பணம் இழந்து, கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டோர் பற்றிய செய்திகள் அடுத்தடுத்து வந்த நிலையில், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த குழு 2022-இல் அறிக்கை அளித்தது. அதன் பின் புதிய சட்டம் வந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் வேறு பாதையைத் தேர்ந்தது. பணம் வைத்து இணையத்தில் ஆடப்படும் ஆட்டம் திறமையைச் சார்ந்ததா, தற்செயலைச் சார்ந்ததா என்று பாராமல் அனைத்தையும் தடை செய்தது. திறமையா, தற்செயலா என்ற பழைய கேள்வியைச் சட்டமே ஒதுக்கி வைத்தது.

கிண்டித் திடலின் அண்மைக்காலம்

1996-இல் மன்றம் வழக்கில் வென்றது. ஆனால் காலடியில் இருந்த நிலம் வேறு வழியில் கைவிட்டுப் போனது. கிண்டியில் 160.86 ஏக்கர் அரசு நிலம் 1940-களில் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. ஆண்டு வாடகை சுமார் 614 ரூபாய். பிற்காலத்தில் அரசு வாடகையை உயர்த்திக் கேட்டது. மன்றம் மறுத்தது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் 730.86 கோடி ரூபாய் நிலுவையைச் செலுத்துமாறு ஆணையிட்டது. 2024 சூன் மாதத்தில் உதகைத் திடலை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டிக் குத்தகை நீக்கப்பட்டு, நிலத்துக்குப் பூட்டுப் போடப்பட்டது. அங்குப் பசுமைப் பூங்காவும் நீர்நிலைகளும் அமைக்க அரசு திட்டமிட்டது. ஒழுக்கத்தின் பெயரால் இயற்றிய சட்டங்கள் செய்ய முடியாததை, வாடகைப் பாக்கி செய்து முடித்தது.

மதிப்பீடு

குதிரைகளை மதிப்பிடுவது உண்மையான அறிவுத்துறை. அதில் கூர்ந்த பார்வை, பதிவுகளைப் படிக்கும் பொறுமை, தொலைவு, எடை, தரை ஆகியவற்றைச் சேர்த்து நோக்கும் பயிற்சி எல்லாம் உண்டு. ஃபேரிஹவுஸில் எந்தக் குதிரை கடைசி வேலியைத் தாண்டி முந்தும் என்று பைசாச் செலவில்லாமல் ஆராய்ந்து, முடிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் நல்ல தருக்கப் பயிற்சி பெறுவார். அவ்வகையில் 1996 தீர்ப்பு ஓர் உண்மையைச் சொன்னது.

ஆனால் அத்தீர்ப்பு சட்டம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை. 'திறமை ஆட்டம்' என்ற சொற்றொடர், பணம் வைப்பவர் வெல்வார் என்றோ, இழப்பு தாங்கக்கூடியது என்றோ பொருள்படாது. கழிவும் வரியும் போக எஞ்சியதைப் பலர் பங்கிடும் எந்த ஆட்டத்திலும் பணம் வைப்போர் மொத்தத்தில் இழந்தே தீர வேண்டும். அதற்குத் தற்செயல்கூடத் தேவையில்லை. எளிய கழித்தல் கணக்கு போதும். இன்று விளம்பரங்களில் 'இது திறமை விளையாட்டு' என்ற வரியைக் காணும் இளைஞர்கள், அது நீதிமன்றத்திலிருந்து வந்த சட்டச் சொல் என்பதையும், தங்கள் பணத்துக்கு அளிக்கப்பட்ட உறுதிமொழி அன்று என்பதையும் அறிந்திருத்தல் நலம். கப்பலில் இறந்த குதிரைக்கும் காயல் துறையில் பணம் கொடுத்தது பாண்டியனின் கருவூலம். அத்தகைய கருவூலம் நம் வீடுகளில் இல்லை.